வெள்ளை இடம் விடலாகாது

யுத்தம் நடக்கிற நாட்டில் பக்கங்களின் ஓரங்களாவது நேராக இருக்க வேண்டும் என்று கொழும்பில் யாரோ ஒரு பெரியவருக்குத் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் தேசியப் பக்கச்சீர் அதிகாரசபை. அதன் கண்டிக் கிளையை வாவிக்கு மேலே, மரங்கள் மூடிய ஒரு பழைய பங்களாவில் திறந்தார்கள். திறப்பு விழா அன்று, உலகம் முழுவதும் அச்சுக்குப் பக்கம் அமைத்துக் கட்டுவதற்குப் பாவிக்கும் அந்தப் பெரிய மென்பொருளின் சீடியைப் பட்டுத் துணி போட்ட தட்டில் வைத்து, குடை பிடித்து, மேளக்காரர் முன்னே செல்ல, நகரத்தைச் சுற்றிக் கொண்டுபோனார்கள். வீதியோரம் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமல் கும்பிட்டார்கள். கும்பிடாமல் நின்ற ஒரு ஐஸ்கிறீம்காரருக்கு அடி விழுந்தது.

கிளைத் தலைவர் அன்று நீண்ட உரை ஒன்று ஆற்றினார்.

"எதிரி காட்டில் மட்டும் இல்லை. கோணலான பத்தியிலும் இருக்கிறான். இன்றைக்கு வரி பிசகும், நாளைக்கு நாடு பிசகும். ஆகவே கல்யாண அழைப்பிதழிலிருந்து கடை நோட்டீஸ் வரைக்கும் அச்சாகிற ஒவ்வொரு தாளும் அங்கீகரிக்கப்பட்ட மென்பொருளில்தான் கட்டப்பட வேண்டும். நான் அதிகம் படித்தவன் அல்ல. வாசிக்கிறவர்களுக்கு எழுத்துத்தான் தெரியும். வாசிக்காத எனக்குத்தான் பக்கம் தெரியும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கட்டுகலைப் பகுதியில் மஹ்மூத் முதலாளியின் அச்சகத்தில் பக்கம் கட்டுகிற பாலேந்திரனும் கூட்டத்தில் நின்று தட்டினான். அவன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எந்தக் கூட்டத்திலும் கை தட்டுவதைப் பிந்தித் தொடங்கக் கூடாது, முந்தி நிறுத்தவும் கூடாது என்று அந்த வருடங்கள் அவனுக்குப் படிப்பித்திருந்தன.

அச்சகத்தில் இருந்தது பெரிய மென்பொருளின் கள்ளப்பிரதி. கண்டியில் எல்லா அச்சகங்களிலும் அதுதான். அசலின் விலையை விசாரித்துக்கொண்டு வந்த அன்று மஹ்மூத் முதலாளி கதிரையில் சாய்ந்து நெடுநேரம் விசிறிக்கொண்டிருந்தார்.

"அந்த வெலைக்கு ஒரு லொறி எடுக்கேலும் மகன். லொறி எண்டா சாமானாச்சும் ஏத்துற. இது என்னத்த ஏத்துற?"

"பக்கத்தை ஏத்தும் முதலாளி," என்றான் பாலேந்திரன்.

"அல்லாஹ்வே. பக்கத்துக்கு லொறி வாணாம்."

அதிகாரசபையின் பரிசோதகர்கள் வந்தபோது அவர்கள் கைகளில் அளவுகோலும் இருந்தது, இரும்புக் கம்பியும் இருந்தது. அளவுகோல் சட்டத்துக்கு, கம்பி நடைமுறைக்கு. பிரதம பரிசோதகர் வடக்கே ஒரு முகாமில் கடமையாற்றி, காலில் காயப்பட்டு, பக்க ஓரங்களுக்கு இடம் மாற்றப்பட்டவர். மேசையில் கிடந்த ஒரு மரண அறிவித்தலை எடுத்து, கறுப்புக் கரையை நாலு பக்கமும் அளந்தார். கரை சரியாகவே இருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"கள்ளப்பிரதி," என்றார். உடனே கம்பிகள் இறங்கின. திரை நொறுங்கியது, பெட்டி நசுங்கியது. விசைப்பலகையின் எழுத்துகள் தரையெங்கும் பல்லுகளைப் போலச் சிதறின. பக்கத்தில் நின்ற இராமையாவின் முதுகிலும் இரண்டு அடி விழுந்தது. இராமையா ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து, பாலேந்திரனிடம் பக்கம் கட்டப் பழகி, இப்போது அவனைவிட வேகமாகக் கட்டுகிறவன். அவன் குனிந்து எழுத்துகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

"வுடுங்கண்ணே, பொறுக்கிக்கிறேன். 'அ'னாவத்தான் காணோம்," என்றான்.

அந்த வாரம் நகரத்தின் எல்லா அச்சகங்களிலும் இதேதான் நடந்தது. அதே வாரத்தில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்துச் சனம் செத்தது. அன்று பின்னேரம் அதிகாரசபை கலண்டர் அடிக்கிற மூன்று பேரைப் பிடித்து அடித்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்கள் கலண்டர்காரர்களோடு சேர்க்கப்பட்டார்கள்.

பழைய கொம்பியூட்டர் ஒன்றை ஒட்டிப் பூட்டி ஓடவைத்தபிறகு பாலேந்திரனுக்கு ஒரு யோசனை வந்தது. வெளிநாட்டில் யாரோ கொஞ்சப் பேர் சேர்ந்து, பக்கம் கட்டுகிற மென்பொருள் ஒன்றைத் தாங்களே எழுதி, விரும்பியவர்கள் எடுத்துப் பாவிக்கலாம் என்று சும்மா கொடுத்திருந்தார்கள். ஒரு கணினிச் சஞ்சிகையோடு அந்தச் சீடி இலவசமாக வந்தது. தமிழ் அதற்கு உடனே விளங்கவில்லை. எழுத்தின் கொம்பு ஒரு பக்கம் போனது, அரவு என்கிற துணைக்கால் ஒரு பக்கம் போனது. பழைய தட்டச்சு எழுத்துருக்களைப் போட்டதும் வழிக்கு வந்தது. படங்களைக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏற்றும். ஆனால் பத்தி நேராக நின்றது, அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பினால் பிசகில்லாமல் விழுந்தது. முதன்முதலாக ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ் அதில் கட்டி அச்சாகியபோது, இனி யாரும் கள்ளன் என்று சொல்ல முடியாது என்று பாலேந்திரன் நினைத்தான். அந்தச் சந்தோசத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சந்தோசங்களைச் சொல்லாமல் வைத்திருப்பது அந்த நாட்களில் ஒரு பழக்கமாக இருந்தது.

பரிசோதகர்கள் திரும்ப வந்தார்கள்.

"யாரிடம் வாங்கினது?" என்று பிரதம பரிசோதகர் கேட்டார். சிங்களத்தில்தான் கேட்டார்.

"வாங்கவில்லை ஐயா. சும்மா தருகிறார்கள்."

"யார்?"

"தெரியாது ஐயா. பல நாட்டுக்காரர்."

"அவர்களை நீ கண்டதில்லை. அவர்கள் உன்னைக் கண்டதில்லை. ஆனாலும் தருகிறார்கள்."

"ஓம் ஐயா."

பிரதம பரிசோதகர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

"கேள். கள்ளப்பிரதி வைத்திருந்தால் நீ கள்ளன். கள்ளனுக்குச் சட்டம் இருக்கிறது. அடிக்கலாம், அபராதம் போடலாம், வீட்டுக்கு அனுப்பலாம். கள்ளன் பொருளின் பெறுமதி தெரிந்தவன், நம்முடைய ஆள். நீ களவும் எடுக்கவில்லை, வாங்கவும் இல்லை. அப்படியென்றால் நீ என்ன? உன்னை அடிக்கிறதுக்கு எனக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஒரு மனிதனை இப்படி ஒரு நிலையில் வைக்கலாமா?"

பிறகு எழுந்து, "இந்தக் கொம்பியூட்டரில் உட்காருகிறவன் யார்?" என்று கேட்டார்.

பாலேந்திரன் வாயைத் திறந்தான். வாய் திறந்தபடியே நின்றது, சத்தம் வரவில்லை.

"நாந்தான் சார்," என்றான் இராமையா.

அவனைச் சட்டைக் கொலரில் பிடித்துப் படியிறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு அடி விழுந்தது. வாசலில் நின்ற வெள்ளை வான் வண்டியின் கதவு திறந்து மூடியது. மஹ்மூத் முதலாளி கடைக் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்துகொண்டு நின்றார்.

"என்ன மகன் இது, சும்மா குடுத்த சாமானுக்கு ஆளத் தூக்கிட்டுப் போறானுவள்," என்றார். "காசு குடுத்து வாங்கீந்தா என்னத்தத் தூக்கீப்பானுவளோ."

இராமையாவின் மனைவி பேச்சியம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். கொழுந்தெடுக்கிறவள். விரல் நுனிகள் கறுத்திருந்தன. அவளைக் கூட்டிக்கொண்டு பாலேந்திரன் வாவிக்கு மேலே இருந்த பங்களாவுக்குப் போனான்.

அங்கே தமிழ் பேசுகிறவர்களுக்காக இராமகிருஷ்ணன் என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நன்றாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை, ஓய்வுபெற இன்னும் கொஞ்சக் காலம். மேசையில் ஒரே ஒரு பத்திரிகை விரித்திருந்தது.

"பெயர்?"

"இராமையாங்க. ஹேவாஹெட்ட," என்றாள் பேச்சியம்மா.

அவர் பத்திரிகையை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். அது அதிகாரசபையின் செய்திமடல்.

"இதிலை இல்லை. கைதானவை எல்லாற்றை பேரும் செய்திமடலிலை வரும். விடுபட்டவையின்ரை பேரும் வரும். உங்கடை ஆளின்ரை பேர் இல்லை. அப்பிடியெண்டா பிடிக்கேல்லை."

"ஏங்கண்ணு முன்னால இல்லீங்க, இவுக கண்ணு முன்னாலதான் இழுத்துட்டுப் போனாங்க."

"கண் அச்சிலை வராது பிள்ளை."

பின்கட்டிலிருந்து ஒரு மனிதனின் அலறல் கேட்டது. இராமகிருஷ்ணன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அது தரப் பரிசோதனை," என்றார்.

பாலேந்திரன் செய்திமடலின் திகதியைப் பார்த்தான். பழைய திகதி. "ஐயா, இதுக்குப் பிறகு வேறை வரேல்லையோ?"

இராமகிருஷ்ணன் கதவைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "மிஷின் வேலை செய்யுதில்லை தம்பி. பக்கம் கட்டேலாமல் கிடக்கு. செய்திமடல் வந்தாத்தானே ஆக்கள் கைதானதா ஆகும்? கைதாகாத ஆக்களை எப்பிடி விடுறது? கொண்டுவாறது கொண்டுவாறதுதான். உள்ளை இப்ப நிக்கவும் இடமில்லை."

சுவரில் தலைவர் அளவுகோலோடு நிற்கிற படம் மாட்டியிருந்தது. பேச்சியம்மா பாலேந்திரனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் அவனை எழும்பவைத்தது.

"நான் கட்டித் தாறன் எண்டு தலைவரிட்டைச் சொல்லுங்கோ," என்றான்.

தலைவர் முதலில் அவனை அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். உதடு கிழிந்தது. பிறகு, தன்னுடைய படம் அச்சில் வந்து மாதக்கணக்காகிவிட்டது என்பதும், கொழும்பில் தன்னை மறந்துவிடுவார்கள் என்பதும் அவருக்கு நினைவு வந்தது. ஒப்பீட்டுப் பரிசோதனை ஒன்றுக்கு உத்தரவிட்டார். மண்டபத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் அதிகாரசபையின் கணினி, அதற்கு மாலை போட்டிருந்தது. மற்றதில் பாலேந்திரன் அச்சகத்திலிருந்து தூக்கி வந்த பெட்டி, அதற்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு காவலன். நடுவில் ஐந்து பேர் கொண்ட குழு, ஆளுக்கொரு அளவுகோலோடு.

அதிகாரசபையின் கணினியில் பட்டுத் துணியிலிருந்து எடுத்த அந்தச் சீடியைப் போட்டார்கள். கிட்டப் பார்த்தபோது சீடியின் மேல், கள்ளப்பிரதிகளில் எழுதுவதுபோல, மார்க்கர் பேனையால் பெயர் எழுதியிருந்தது. திரையில் ஒரு பெட்டி தோன்றியது.

"இலக்கம் கேட்கிறது சேர்," என்றான் அந்தக் கணினியின் இயக்குநன்.

"எந்த இலக்கம்? என்னுடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடு," என்றார் தலைவர்.

கொடுத்தான். ஏற்கவில்லை. தலைவரின் வாகன இலக்கத்தைக் கொடுத்தான். அதையும் ஏற்கவில்லை. இயக்குநனுக்குக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. மூன்றாவதாகத் தலைவரின் பிறந்த திகதியைப் போட்டுப் பார்த்தார்கள். கணினி தலைவர் பிறந்ததைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. பிரதம பரிசோதகர் பொறுமை இழந்து, நடைமுறைக் கம்பியைக் கையில் எடுத்து, கணினியின் தலையில் இறக்கினார். மாலையோடு சேர்ந்து அது கீழே விழுந்து புகைந்தது. இயக்குநனைப் பின்கட்டுக்கு இழுத்துப்போனார்கள்.

குழுவில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சேர், அசல் சீடிக்கு அரசாங்கம் பணம் தந்ததே..."

"தந்தது. அந்தப் பணம் எங்கும் போகவில்லை, பத்திரமாக இருக்கிறது," என்றார் தலைவர். "என் மகளின் வீட்டுக்குக் கூரையாக இருக்கிறது. மழை பெய்தால் போய்ப் பாருங்கள், ஒரு சொட்டு ஒழுகாது. அதுவும் தரம்தான்."

இதற்கிடையில் பாலேந்திரனின் பெட்டியில் முதல் பக்கம் கட்டி முடிந்திருந்தது. ஐந்து பேரும் வந்து திரையில் அளவுகோலை வைத்து அளந்தார்கள். ஓரங்கள் சரியாக இருந்தன. மண்டபத்தில் ஒரு சங்கடம் பரவியது. தலைவர் எழுந்தார்.

"இலவசம் என்பது பெறுகிறவனைப் பொறுத்தது," என்றார். "அவன் பெற்றால் அது சதி. நாங்கள் பெற்றால் சிக்கனம். இன்றிலிருந்து இதுவே அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள். ஆனால் அதன் பெயரை யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் நாக்கு இருக்காது."

கீழே விழுந்த மாலையை எடுத்துத் தூசி தட்டிப் பாலேந்திரனின் பெட்டிக்குப் போட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் பங்களாவின் முன்னறையில் உட்கார்ந்து செய்திமடல் கட்டினான். பிரதம பரிசோதகர் ஒவ்வொரு பக்கமாக அளப்பார். ஓரம் கூடினால் புறங்கையில் அளவுகோலால் ஒன்று, குறைந்தாலும் ஒன்று, சரியாக இருந்தால் திமிர் என்று ஒன்று. சுவருக்கு அப்பால் அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவன் அந்தச் சத்தங்களுக்குள்ளே இராமையாவின் குரலைத் தேடினான். அடிபடுகிறபோது எல்லோரும் ஒரே குரலில்தான் கத்துகிறார்கள். முதல் சில நாட்கள் ஏதோ ஒரு குரல் இருந்ததாக நினைத்தான். பிறகு அது இல்லை. வேறு சுவர்ப்பக்கம் மாற்றியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பக்கங்களில் முக்கால்வாசி தலைவரின் படங்கள். தலைவர் அளக்கிறார், தலைவர் மரம் நடுகிறார், தலைவர் நட்ட மரத்தை அளக்கிறார். கைதானவர்களின் பட்டியலுக்கென்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். அதில் அதிகாரசபை தெரிந்தெடுத்த சிலரின் பெயர்கள்தான் இருந்தன, இராமையா இல்லை. கடைசிப் பக்கத்தில் 'விடுவிக்கப்பட்டோர்' என்ற தலைப்பு மட்டும். கீழே ஒன்றும் இல்லை, யாரும் விடுவிக்கப்படவில்லை.

தலைவர் வந்து திரையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"இது என்ன வெள்ளையாகக் கிடக்கிறது?"

"விசயம் இல்லை சேர்."

"வெள்ளை இடம் விடலாகாது. வெள்ளை இடம் விட்டால் அதில் எதிரி எழுதுவான். நிரப்பு. எதையாவது போட்டு நிரப்பு." கன்னத்தில் ஒரு அறை. போய்விட்டார்.

பாலேந்திரன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். யன்னலுக்கு வெளியே வாவியில் படகு ஒன்று போய்த் திரும்பி வந்தது. பிறகு அவன் விரல்கள் தாமாகவே போல் நகர்ந்தன. தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி: இராமையா, ஹேவாஹெட்ட. எழுத்தைப் பெரிதாக்கினான், இடைவெளியைக் கூட்டினான், சுற்றிவரப் பூ வேலைப்பாட்டுக் கரை போட்டான். பக்கம் நிறைந்தது.

தமிழ்ப் பக்கங்களைச் சரிபார்ப்பது இராமகிருஷ்ணனின் வேலை. அவர் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஒரு பேர்தானோ?" என்றார் கடைசியில்.

"மற்றவையின்ரை பேர் எனக்குத் தெரியாது ஐயா."

"எனக்கும் தெரியாது. அவை கத்தினதை எல்லாம் நான் மொழிபெயர்த்திருக்கிறன். பேரை ஒருத்தரும் மொழிபெயர்க்கச் சொல்லேல்லை."

அடியில் கையெழுத்து வைத்தார். கையெழுத்து கோணலாக விழுந்தது. அதை யாரும் அளக்கவில்லை.

செய்திமடல் வெளிவந்த அன்று பங்களாவில் பெரிய அமளி. கொழும்பிலிருந்து தொலைபேசியில் பாராட்டு வந்தது. முதன்முதலாக ஒருவரை விடுவித்திருக்கிறீர்கள், விடுவித்த ஆளைப் பத்திரிகைக்காரருக்குக் காட்டுங்கள் என்றும் சொன்னார்களாம். பிரதம பரிசோதகர் பாலேந்திரனைச் சுவரோடு சாத்தித் தொண்டையில் கம்பியை வைத்து அழுத்தினார்.

"யார் எழுதச் சொன்னது?"

பாலேந்திரனால் பேச முடியவில்லை. தலைவர்தான் கையை உயர்த்தினார்.

"விடு. நம்முடைய மடலில் வந்திருக்கிறது, என் படத்துக்குப் பக்கத்துப் பக்கத்தில் வந்திருக்கிறது. பொய் என்றால் என் படமும் பொய்யாகிவிடும். போய் இராமையாவைக் கொண்டுவா."

பிரதம பரிசோதகர் அசையவில்லை. தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கொஞ்சம் யோசித்தார்.

"நான் இராமையாவைக் கொண்டுவா என்றேன்," என்றார் மெதுவாக. "எந்த இராமையா என்று கேட்டேனா?"

பின்னேரம் பேச்சியம்மாவை வாசலுக்கு அழைத்திருந்தார்கள். கழுத்தைத் திருப்ப முடியாமல் பாலேந்திரன் அவள் பக்கத்தில் நின்றான். மஹ்மூத் முதலாளியும் கூட வந்திருந்தார், தொப்பியைக் கையில் பிடித்தபடி. பத்திரிகைக்காரர் ஒருவர் கமராவோடு நின்றார். தலைவர் முடி வாரிக்கொண்டிருந்தார்.

பின்கட்டிலிருந்து ஒருவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முகம் என்று சொல்ல அதிகம் இருக்கவில்லை. ஒரு கண் மூடியிருந்தது. நடக்கும்போது ஒரு கால் இழுத்தது. பேச்சியம்மா ஓடிப்போய் இரண்டு அடியில் நின்றுவிட்டாள்.

சட்டை இராமையாவினுடையது. உள்ளே இருந்தவன் இராமையா இல்லை.

பாலேந்திரனின் வாய் திறந்தது. முன்னொருநாள் திறந்ததுபோல அல்ல, இந்த முறை சத்தம் வர இருந்தது. மஹ்மூத் முதலாளி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"இவர்தானே உன் புருசன்?" என்று பிரதம பரிசோதகர் கேட்டார். இராமகிருஷ்ணன் அதைத் தமிழில் சொன்னார். சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை.

பேச்சியம்மா அந்த மனிதனைப் பார்த்தாள். அவனும் அவளைத் திறந்திருந்த ஒரு கண்ணால் பார்த்தான். உதடு ஏதோ சொல்ல முயன்று நின்றது.

"உள்ளாற வேற இராமையா யாரும் இருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

மொழிபெயர்ப்புப் போய், பதில் திரும்பி வந்தது.

"இல்லை. இவர்தான் இராமையா. இவர் இல்லையெண்டா, இராமையா எண்டு ஒருத்தரும் இல்லை. அப்ப இவரைத் திரும்ப உள்ளை கொண்டுபோக வேணும்."

அவள் நின்றாள். அவளுடைய கறுத்த விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டின, விரித்தன, திரும்பச் சுருட்டின.

"எம் புருசந்தான் சார்," என்றாள் பேச்சியம்மா.

போய் அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கமரா மின்னியது. தலைவர் நடுவில் வந்து நின்றுகொண்டார். "தரமான விடுதலை," என்றார்.

வீதிக்கு இறங்கினார்கள். மஹ்மூத் முதலாளி டாக்டர் ஒருவரைத் தேடிக்கொண்டு முன்னால் போனார். டாக்டர் காயங்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, எதையும் கேட்காமல், தன் வீட்டுப் பின்கதவால் அனுப்பினார். ஹேவாஹெட்ட பஸ்ஸில் பின் இருக்கையில் அந்த மனிதனை நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் பாலேந்திரன், மறுபக்கம் பேச்சியம்மா. பஸ் மலை ஏறத் தொடங்கியது. சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

"ஒங்க பேரு என்னங்க?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இராமையா," என்றான் அவன் உடனே. அவனுடைய உடம்பு ஒடுங்கியது. "இராமையா. ஹேவாஹெட்ட. இராமையா."

"அது எம் புருசன் பேரு. இங்க யாரும் அடிக்க மாட்டாங்க. ஒங்க பேரச் சொல்லுங்க."

அவன் பாலேந்திரனைப் பார்த்தான். பின் கண்ணாடி வழியாகக் கீழே வளைந்து போகிற வீதியைப் பார்த்தான். பஸ் ஒரு வளைவில் திரும்பியது, நகரம் மறைந்தது.

"சின்னமுத்து," என்றான். "கலகெதரயில பொஸ்தகம் கட்டுறவன்."

அதன் பிறகுதான் அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.